எட்டு மூலை வெளிச்சம்

அத்தியாயம் 11

தாயம்மாள் ஒரு கைக்கடிகாரத்தையும் ஒரு மோதிரத்தையும் மேஜையின் மேல் வைத்தாள். கடிகாரம் இரண்டு இருபது காட்டியது.

“காலையில கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாக சார். ஒருவேளை உள்ள தள்ளிட்டா இதெல்லாம் போட்டுக்கிரக் கூடாதாம்.”

துப்பறிவாளர் கஸ்தூரிரங்கன் மோதிரத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார். நான்கு மணிக்கு அவளுடைய கணவன் ரத்தினவேல், தான் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப்போகிறார். இன்னும் ஒரு மணி நாற்பது நிமிஷம்.

“எதுக்கும்மா ஒத்துக்கறார்? நாலு நாள் பொறுக்கச் சொன்னேனே.”

“அவுக ஆபீசர் பாலசுப்ரமணியம் சார் நேத்து வீட்டுக்கு வந்திருந்தாக. ஒத்துக்கிட்டா வேலைய மட்டும் எடுத்துருவாகளாம். போலீசு கேசு இல்லையாம். மார்ச்சுல புள்ளைக பரிச்சை முடியிற வரைக்கும் குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்ல மாட்டாகளாம். மாட்டேன்னா இன்னைக்கே விலங்காம்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “ரெண்டு வாரமா மனுசன் ஒருவாய் சோறு ஒழுங்கா திங்கலை. யோசிக்கிற தெம்பே போயிருச்சு.”

ஜன்னலோரம் நின்றிருந்த வைதேஹி, கஸ்தூரிரங்கனின் உதவியாளர், திரும்பினாள். முப்பது வயது. டெல்லியிலேயே பிறந்தவள். தமிழை வாயால் மட்டும் அறிந்தவள்; தமிழ் எழுத்தைக் காட்டினால் ஜிலேபியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

“அச்சா, அந்த ஆபீசர் ரொம்ப நல்லவர்தான் அக்கா. தூக்குல போடறதுக்கு முன்னாடி தலகாணி கொண்டுவந்து தரார்.”

“வைதேஹி.”

“சாரி சார்.”

வழக்கு இதுதான். இரண்டு வாரத்துக்கு முன்பு, தைப்பூசத்தன்று, ஓர் அமைச்சகத்தின் நிலவறையில் உள்ள ரிகார்டு ரூமில் யாரோ ஒரு ரகசியக் கோப்பின் பக்கத்தைப் படம் எடுத்து வெளியே கொடுத்துவிட்டார்கள். அந்த ரூம் சாவிக்கு ரிஜிஸ்டர் கிடையாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் சௌக்கிதார் ராம் அவதாரின் ஞாபகம்தான் ரிஜிஸ்டர். குரங்குக் குல்லாயும் மஃப்ளரும் போட்ட ஒரு மதராஸி சாஹப் இரண்டு மணிக்குச் சாவி வாங்கினார், பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தார் என்று அவர் சொல்லியிருந்தார். முகம் அவருக்கு நினைவில்லை. ஜனவரிக் குளிரில் டெல்லியில் இருக்கிற மதராஸி சாஹப்கள் எல்லோரும் குரங்குக் குல்லாய்க்குள்தான் இருப்பார்கள்.

அந்தப் பிரிவில் தமிழர்கள் ஐந்து பேர். சரியாக இரண்டு மணிக்கு ஆரம்பித்த ஒரு மீட்டிங்கில், பாலசுப்ரமணியம் உட்பட நான்கு பேர் பன்னிரண்டு சாட்சிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் ரத்தினவேல். அவரிடம் காமிராவும் இருந்தது. தமிழ்ச் சங்க விழாக்களுக்கெல்லாம் அவர்தான் படம் எடுப்பவர். வேறென்ன வேண்டும்?

கஸ்தூரிரங்கன் குற்றப் பத்திரிகையோடு வந்த படத்தின் பிரதியைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். ரகசியம் என்பதால் எழுத்துகளை எல்லாம் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள்.

“மொத்தமா மசி பூசின இந்தப் படத்துல என்ன சார் இருக்கு?” என்றாள் வைதேஹி. “ராத்திரியில எருமைமாடு.”

“அவா அழிச்சது எழுத்தை. எனக்கு வேண்டியது எழுத்துக்குப் பின்னாடி இருக்கு. இங்க பாரு, கோப்புக்கு மேல, தூரத்துல.”

கறுப்புக்கு மேலே மங்கலாக மூன்று வெளிச்சத் திட்டுகள் மிதந்தன.

“இது ரூமுக்கு வெளியில வராந்தாவுல எரியற பல்பு. ஃபோகஸ் காகிதத்து மேல இருக்கறதால பல்பு கலங்கித் தெரியறது. கலங்கின வெளிச்சம் என்ன வடிவத்துல விழும் தெரியுமோ?”

“பல்பு வடிவத்துல.”

“இல்லை. லென்ஸுக்குள்ள இருக்கற ஓட்டையோட வடிவத்துல.”

திருச்சியில் பதினாறு வருஷம் லென்ஸ் கருவிகளைப் பிரித்து, துடைத்து, பூட்டுகிற வேலை செய்தவர் கஸ்தூரிரங்கன். டெல்லிக்கு வந்து நான்கு வருஷம் ஆகியும் இந்தி அவர் வாயில் ஏறவில்லை. லென்ஸ் மட்டும் மனசை விட்டு இறங்கவில்லை. அவசரத்திலும் அவருக்கு விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாது.

“லென்ஸுக்குள்ள மெல்லிசுத் தகடுகளை வட்டமா அடுக்கியிருப்பா. வளையத்தைத் திருகினா தகடெல்லாம் நடுவுல நெருங்கி ஓட்டையைச் சின்னதாக்கும். முழுசாத் திறந்தா தகடெல்லாம் ஓரமா ஒதுங்கிடும், ஓட்டை வட்டமா இருக்கும். கொஞ்சம் மூடினா, எத்தனை தகடோ அத்தனை மூலை.”

“அப்போ சமோசா மாதிரி ஓட்டை இருந்தா வெளிச்சமும் சமோசாவா விழுமா?”

“சமோசாவாத்தான் விழும். கிண்டல் பண்ணாம எண்ணு.”

வைதேஹி குனிந்து எண்ணினாள். “ஏழு… எட்டு. எட்டு மூலை சார்.”

“ரத்தினவேலோட லென்ஸை நான் பிரிச்சே பார்த்துட்டேன். ஆறு தகடு. அதுல எட்டு மூலை பிரம்மா வந்தாலும் விழாது.” அவர் குரல் பல நாளுக்குப் பிறகு நிமிர்ந்தது. “இன்னொண்ணும் இருக்கு. அவரோடது 1.8 லென்ஸ். நிலவறையில இருபத்தஞ்சு வாட் பல்பு. ஃபிளாஷ் போட்டா வராந்தா பூராத் தெரியும். அந்த இருட்டுல 1.8 வெச்சிருக்கறவன் என்ன பண்ணுவான்? முழுசாத் திறப்பான். வட்டம்தான் விழணும். இவன் கொஞ்சம் மூடியிருக்கான். இருட்டுல கதவைப் பாதி சாத்தி வைக்கறவன் வீட்டுக் கதவு பெரிசா இருக்கணும். 1.8-ஐ விடப் பெரிய லென்ஸ், எட்டுத் தகடு. அதைத் தேடணும்.”

“எங்க சார் தேடறது? ஒரு மணி நேரத்துல?”

“அப்படிப்பட்ட லென்ஸ் குமாஸ்தா வீட்டுல இருக்காது. வாடகைக்கு எடுத்திருப்பான். வாடகைக்கு லென்ஸ் தர்ற கடை இந்தப் பக்கம் ஒண்ணே ஒண்ணு.”

தாயம்மாள் கடிகாரத்தையும் மோதிரத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். “நானும் வாரேன்.”

*

கஸ்தூரிரங்கனின் ஆபீஸ் இருந்த கோல் மார்க்கெட்டிலிருந்து கன்னாட் பிளேஸ் வெளிவட்டம் நடக்கிற தூரம்தான். ஆனால் பிப்ரவரி மழை சாய்வாக அடித்தது. வரப்போகும் ஏஷியாட் விளையாட்டுக்காகப் பாதி நகரத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சாலை ஓரமெல்லாம் சேறு. பிற்பகல் மூன்று மணிக்குள்ளாகவே வானம் விளக்கேற்றும் நேரம்போல இருந்தது.

கடை ஒரு பின்சந்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. கடைக்காரரை எல்லோரும் லாலாஜி என்றார்கள். கம்பளிச் சால்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

நேராகக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் எந்தக் கடைக்காரரும் தரமாட்டார். அதனால் கஸ்தூரிரங்கன் வாடிக்கையாளரானார். “மங்கலான பல்பு, ஃபிளாஷ் கூடாது, என்ன லென்ஸ் எடுக்கலாம்னு கேளு” என்று வைதேஹியிடம் சொன்னார். அவள் இந்தியில் கேட்டாள்.

லாலாஜியின் முகம் மலர்ந்தது. மேஜையில் ஒரு கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, மூன்று லென்ஸ்களை வரிசையாக வைத்தார். மூன்றும் ஐம்பது மில்லிமீட்டர். காமிரா வாங்கினால் கூடவே வருகிற சாதாரண நீளம். அகலத்தில்தான் வித்தியாசம். ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார்.

“சவா. டேட். பௌனே தோ.”

கஸ்தூரிரங்கன் மூன்றாவதைக் கையில் எடுத்தார். “தோன்னா ரெண்டு. இது f/2 லென்ஸ். எங்கிட்டயேவா?” என்றபடி விளிம்பைத் திருப்பியவர், விழித்தார். விளிம்பில் 1.8 என்று பொறித்திருந்தது.

வைதேஹிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “க்யா சார், தோ மட்டும் காதுல விழுந்து, பௌனே போற வழியில விழுந்துடுத்தா? பௌனே தோன்னா ரெண்டுக்குக் கால் குறைச்சல். ஒண்ணேமுக்கால். லாலாஜி தசமப் புள்ளியெல்லாம் பார்க்க மாட்டார். 1.8 கிட்டத்தட்ட ஒண்ணேமுக்கால், அதனால பௌனே தோ. 1.4 ஒண்ணரை, டேட். 1.2 ஒண்ணேகால், சவா.”

“ஒண்ணேமுக்கால்னு சொல்றதுக்கு எதுக்கு ரெண்டுன்னு சொல்லணும்?”

“நீங்க ஒண்ணுலேர்ந்து மேல ஏறுவீங்க. இவங்க ரெண்டுலேர்ந்து கீழ இறங்குவாங்க. சந்திக்கற இடம் ஒண்ணுதான்.”

லாலாஜி அதற்குள் பாடத்தைத் தொடங்கிவிட்டார். வைதேஹி அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, கஸ்தூரிரங்கன் தன்னை மறந்து தலையாட்டினார். ஐம்பது மில்லிமீட்டரை ஓட்டையின் அகலத்தால் வகுத்தால் வருகிற எண்தான் லென்ஸின் மேல் பொறித்திருப்பது. ஓட்டை இருபத்தெட்டு மில்லிமீட்டர் என்றால் 1.8. முப்பத்தாறு என்றால் 1.4. எண் குறையக் குறைய ஜன்னல் பெரிசு.

அப்படியானால் இருட்டுக்கு மிகப் பெரிய ஜன்னலான சவாவைத்தானே எடுக்க வேண்டும்? இல்லை என்றார் லாலாஜி. சவா வெளிச்சத்தை அள்ளும். ஆனால் முழுசாகத் திறந்தால் படத்தில் பனி படிந்ததுபோல இருக்கும். விளக்கு ஒன்று சட்டத்துக்குள் வந்துவிட்டால் அதைச் சுற்றி ஒளிவட்டம் பரவி எல்லாவற்றையும் விழுங்கும். கூர்மையாக விழுகிற இடமோ மிக ஒல்லி; மூக்கு தெளிந்தால் காது கரைந்துவிடும். பௌனே தோ நல்ல லென்ஸ், கூர்மை, விலையும் குறைவு. ஆனால் மங்கலில் காமிராவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எது தெளிவு எது கலக்கம் என்றே தெரியாது. டேட்தான் சரி. பார்க்கும்போது லென்ஸ் முழுசாகத் திறந்திருப்பதால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், ஃபோகஸ் தப்பாது. வளையத்தை முன்கூட்டியே ஒரு திருகு மூடி வைத்தால், பட்டனை அழுத்துகிற அந்தக் கணத்தில் மட்டும் ஓட்டை சுருங்கிப் படம் கூர்மையாக விழும்.

“ஒரு திருகு மூடி,” என்றார் கஸ்தூரிரங்கன் மெதுவாக. மூன்றையும் ஒரு திருகு மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பௌனே தோவில் ஆறு மூலை. சவாவில் ஒன்பது. டேட்டில் எட்டு.

“இதுதான். தைப்பூசத்தன்னிக்கு இதை யார் எடுத்துண்டு போனான்னு கேளு. கேளு, கேளு.”

வைதேஹி தேதியைச் சொன்னாள். மழையில் நனைந்து நின்ற தாயம்மாளின் முகத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, லாலாஜி மறுக்கவில்லை. நீளச் சிவப்பு நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளினார். ஒரு வரியில் விரல் நின்றது.

“ஹாம் ஜீ. டேட் வாலா. ரத்தன் வேல் சாஹப். ஆர்.கே.புரம்.”



யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தாயம்மாள் பக்கத்திலிருந்த முக்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

“தைப்பூசத்தன்னைக்குச் சொந்த லென்ஸுலதான் கோயில்ல படம் எடுத்தேன்னு எங்கிட்டச் சொன்னாக. உங்ககிட்டயும் அதான் சொன்னாக,” என்றாள். “பதினோரு வருசத்துல பொய் சொன்னதே இல்ல சார். ஒண்ணே ஒண்ணு கூட.”



லாலாஜிக்கு எதுவும் புரியவில்லை. நல்ல மனிதர் அவர், மலை மந்திர் விழாவுக்கு என்றார், சாமிக்கு எதிரே ஃபிளாஷ் போடக்கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டாராம், எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான், நான்தான் டேட் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே போனார். விசாரணை அதிகாரி இதை எப்படிக் கேட்பார் என்று கஸ்தூரிரங்கனுக்குத் தெரியும். பகலில் லென்ஸ் எடுத்தான், நேரே ஆபீசுக்குப் போனான், நிலவறையில் வேலையை முடித்தான், சாயங்காலம் கோயிலில் நாலு படம் எடுத்துக் கணக்கை நேர் செய்தான். எட்டு மூலையைக் காட்டி ஒருவனைக் காப்பாற்ற வந்தவர், அதே எட்டு மூலையால் அவன் கழுத்தில் சுருக்கை இறுக்கியிருந்தார். மணி மூன்று பத்து.

“சார்,” என்றாள் வைதேஹி, குரலைத் தாழ்த்தி. “இந்த நோட்டைப் பத்தி நாம யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். இங்கேர்ந்து போயிடலாம்.”

“பார்த்ததைப் பார்க்கலைன்னு எழுத எனக்கு வராது.” அவர் பென்சிலை எடுத்தார். “தேதி, பேர், லென்ஸ். இதென்ன, ஓரத்துல ஒண்ணுக்குப் பக்கத்துல மூணு கோடு? ஆயிரத்து நூத்திப் பதினொண்ணா?”

லாலாஜி சிரித்தார். ஒரு கோடு கால், இரண்டு கோடு அரை, மூன்று கோடு முக்கால் என்று விரலால் காட்டினார். அது எடுத்துப்போன நேரம். மறுநாள் அதே நேரத்துக்குள் திருப்பித் தரவேண்டும். அதனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுவாராம்.

“கித்னே பஜே?” என்று, எத்தனை மணி என்பதைத் தனக்குத் தெரிந்த கொஞ்ச இந்தியில் கேட்டார் கஸ்தூரிரங்கன்.

“பௌனே தோ.”

கஸ்தூரிரங்கன் தன் நோட்டில் 2 என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார். பென்சில் அந்த எண்ணின் வாலிலேயே நின்றது.

“வைதேஹி. நான் என்ன எழுதியிருக்கேன்?”

“ரெண்டு. தப்பு சார், இப்பத்தானே சொன்னேன். ஒண்ணே…” அவள் நிறுத்தினாள்.

“அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி சொல்லிக்கொடுத்தே. லென்ஸுல பார்த்தேன், விரலால தொட்டேன். அப்புறமும் காது ரெண்டுன்னுதான் கேக்கறது.” அவர் கைப்பையைக் கவிழ்த்துக் குற்றப் பத்திரிகையைத் தேடி எடுத்தார். “அந்த சௌக்கிதாருக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“ராம் அவதாருக்கா? பிகார்க்காரர். கைநாட்டு.”

“அவர் சொன்னதை இங்கிலீஷ்ல டைப் பண்ணது யாரு? இங்க கீழ இருக்கு பாரு. ஸ்டெனோ மாசிலாமணி. திருநெல்வேலியிலேர்ந்து வந்து நாலு மாசம்தான் ஆச்சுன்னு ரத்தினவேலே சொல்லியிருக்கார். நாலு வருஷக்காரன் நானே ரெண்டுன்னு எழுதறேன். நாலு மாசக்காரர் என்ன எழுதியிருப்பார்?”

தாயம்மாள் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “என்ன சார் சொல்றீக? எனக்கு விளங்கலியே.”

“அந்த சாவி ரெண்டு மணிக்கு வாங்கினதா இருந்தா, ஒண்ணேமுக்காலுக்கு இங்க லென்ஸ் எடுத்து, ஆட்டோ பிடிச்சு, உங்காத்துக்காரர் ரெண்டுக்கு அங்க போயிருக்கலாம். மாட்டிண்டார். ஆனா சாவியே ஒண்ணேமுக்காலுக்குத்தான் கைமாறித்துன்னா, அந்த நிமிஷம் அவர் இங்க, இந்த வெல்வெட்டுக்கு முன்னாடி நின்னுண்டு எந்த லென்ஸ்னு யோசிச்சிண்டிருந்தார். நிலவறையில படம் எடுத்தது இந்த டேட் இல்லை, சொந்தமா எட்டுத் தகடு லென்ஸ் வெச்சிருக்கற வேற யாரோ. நோட்டை எடுத்துண்டு லாலாஜியையும் கிளம்பச் சொல்லு. ஜல்தி!”

*

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி, சேற்றில் முனகி, ஏறியது. இன்னொரு பள்ளத்தில் இறங்கியது. லாலாஜி சிவப்பு நோட்டைச் சால்வைக்குள் பச்சைப் பிள்ளைபோல அணைத்திருந்தார்.

“சார், ராம் அவதார் இல்லை, தோன்னுதான் சொன்னேன்னு சொல்லிட்டா?” என்று கேட்டாள் வைதேஹி.

அப்படிச் சொன்னால் அவர்களே குற்றத்துக்குச் சாட்சி கொண்டுபோவதாக ஆகும். தாயம்மாளுக்கும் அது புரிந்திருந்தது. முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

ரிசப்ஷனில் பாஸ் எழுத எட்டு நிமிஷம் ஆயிற்று. வந்த காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று குமாஸ்தா கேட்டார். “புருஷனைக் கூட்டிண்டு போகன்னு எழுதுங்க பையா,” என்றாள் வைதேஹி இந்தியில். அவர் நிமிர்ந்து தாயம்மாளைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

நிலவறை வாசலில் ராம் அவதார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எப்படிக் கேட்க வேண்டும் என்று கஸ்தூரிரங்கன் வைதேஹியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். நேரத்தைப் பற்றி எந்த வார்த்தையையும் நாம் முதலில் சொல்லக் கூடாது. அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

“பாபா, அந்த மதராஸி சாஹப் சாவி வாங்கினது எப்போ?” என்று மட்டும் கேட்டாள் வைதேஹி.

“எத்தனை தடவை மகளே சொல்வது? டீக்காரன் வருகிற நேரம். பௌனே தோ.”

வைதேஹி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“சாட்சி சொன்ன அன்னைக்கும் அதையேதான் சொன்னீங்களா?”

“வேறென்ன சொல்வேன்? டைப் அடித்தார்கள், பெருவிரலைப் பிடித்து வைத்தார்கள்.”

மணி மூன்று ஐம்பத்தைந்து.

*

விசாரணை அதிகாரி குரானாவின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தபோது மேஜைக்கு இந்தப் பக்கம் ரத்தினவேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது. எதிரே குரானா. பக்கவாட்டு நாற்காலியில் பாலசுப்ரமணியம், நனைந்த துணியைப் பிழிவதுபோல முகத்தை வருத்தமாக வைத்திருந்தார்.

வாக்குமூலம் மூன்று பிரதிகள். கார்பன் மை ஒட்டிய விரலால் ரத்தினவேல் இரண்டில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

“யார் நீங்கள்?” என்றார் குரானா.

கஸ்தூரிரங்கனின் இந்தி அந்த இடத்தில் முற்றிலும் கைவிட்டது. ராம் அவதாரைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். வைதேஹி சொன்னாள்: “சார், ஒரே ஒரு கேள்வி. இவர் சாவி கொடுத்த நேரம் என்னவென்று நீங்களே கேளுங்கள். உங்கள் காதாலேயே கேளுங்கள்.”

குரானாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கேட்டார்.

“பௌனே தோ, ஹுசூர்.”

குரானா பிறந்ததிலிருந்து அந்த எண்ணைச் சொல்லி வளர்ந்தவர். அவர் காதில் இரண்டு விழவில்லை. கண்கள் எதிரே இருந்த கோப்புக்கு இறங்கின. 2 p.m. என்று அங்கே சுத்தமாக டைப் அடித்திருந்தது. ஒருதடவை பார்த்தார். மறுபடி பார்த்தார். லாலாஜி நோட்டைப் பிரித்து வைத்தார். ஒன்று, மூன்று கோடு. குரானா தன் பேனாவின் மூடியைப் போட்டுக் கழற்றி மறுபடி போட்டார்.

“சாட்சி சொன்னபோது நான் இங்கே இல்லை,” என்றார் கடைசியில். “நீங்கள் ஸ்டெனோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள், மிஸ்டர் பாலசுப்ரமணியம்.”

“ஸ்டெனோவின் தவறு சார். எனக்கும் இந்தி அவ்வளவு போதாது,” என்றார் பாலசுப்ரமணியம் ஆங்கிலத்தில். முகத்தில் வருத்தம் மாறவில்லை. “எங்களுக்கெல்லாம் இந்த பௌனே, சவா எதுவும் புரிவதில்லை.”

வைதேஹி திரும்பிக் கஸ்தூரிரங்கனைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே ஓரடி முன்னால் வந்திருந்தார். நிதானமாகத் தமிழில்தான் பேசினார்; வைதேஹி வரிக்கு வரி இந்தியில் சொன்னாள்.

“எனக்கும் புரியாது சார். எந்த அளவுக்குப் புரியாதுன்னா, இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் பௌனேன்னு ஒரு சொல் இருக்கறதே எனக்குத் தெரியாது. பௌனே தோன்னு சொன்னா தோ மட்டும்தான் காதுல விழும். தெரியாதவனுக்கு அப்படித்தான். நீங்க பௌனேயைத் தனியா எடுத்துட்டேள். அதோட ஜோடியையும் எடுத்துட்டேள். இந்த ரூமுக்குள்ள சவான்னு யாருமே சொல்லலியே சார்.”

பாலசுப்ரமணியம் சிரிக்கப் பார்த்தார்.

“இந்தி உங்களுக்குத் தெரியாததல்ல, மிஸ்டர் பாலசுப்ரமணியம்,” என்றார் குரானா. “போன வருஷம் இந்தித் தேர்வில் நீங்கள் பாஸ் செய்ததற்கான சான்றிதழில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். முதல் வகுப்பு.” பிறகு, கொஞ்சம் பொறுத்து, “உங்கள் மீட்டிங் இரண்டு மணிக்கு. ஒன்றேமுக்காலுக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

பாலசுப்ரமணியம் கைக்குட்டையை எடுத்தார். நெற்றிக்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். குரானா மணியை அடித்தார். உள்ளே வந்த பியூனிடம், இந்தச் சாஹப் வெளியே போகக் கூடாது, செக்யூரிட்டி ஆபீசரை வரச்சொல் என்றார்.

“அந்த லென்ஸ் விஷயத்தை ஏன் சொல்லலை?” என்று கஸ்தூரிரங்கன் ரத்தினவேலிடம் கேட்டார். குரல் கடுமையாக வரவேண்டும் என்று நினைத்தார், வரவில்லை.

ரத்தினவேல் அவரை அடையாளம் தெரியாதவர்போலப் பார்த்தார். “போட்டோ எடுத்துட்டாகன்னு சொன்னதும் அந்த லென்ஸு நெனப்புதான் வந்துச்சு சார். யாரு நம்புவா? நீங்களே விட்டுட்டுப் போயிருப்பீக.”

குரானா எழுந்து வந்து, கையெழுத்தான இரண்டு பிரதிகளையும் மேஜையிலிருந்து எடுத்தார். குறுக்காகக் கிழித்தார். மறுபடி மடித்துக் கிழித்தார்.

கிழிகிற சத்தத்துக்கு ரத்தினவேல் தலையைத் தூக்கவில்லை. எதிரே மிச்சமிருந்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அடியில் கையெழுத்துப் போடுகிற கோட்டைத் தேடினார்.

“மூணாவதுல எங்க சார் போடணும்?”

தாயம்மாள் அவர் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தப் பேனாவை வாங்கப் பார்த்தாள். கை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.